நீர்நாடி செய்தவள்

ஏழாவது வளையம் எங்கே போனது என்று கேட்பதற்காகத்தான் அவள் எனக்கு முதல்முறை போன் செய்தாள்.

பள்ளியில் மதிய இடைவேளை. ஒன்பதாம் வகுப்பின் அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத எண். "மிஸ், டிஸ்டர்ப் பண்றேனா? அந்தப் படகுக்காரங்க கதை எழுதினவங்க நீங்கதானே?" என்றது ஒரு மெல்லிய பெண்குரல்.

நான் எழுதியது ஒரே ஒரு நாவல். இல்லாத ஒரு ஆற்று நாட்டைப் பற்றிய மாயக்கதை. அதில் படகுக்காரக் குலத்தின் தலைவன் 'நீர்நாடி' என்றொரு கருவியை இடுப்பில் கட்டியிருப்பான். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கிண்ணம். அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு வளையங்கள், நடுவில் ஒரு வெள்ளி முள். எந்தத் திசையிலிருந்து வெள்ளம் வரப்போகிறதோ அந்தத் திசைக்கு முள் முன்கூட்டியே திரும்பும். புத்தகம் வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. உறவினரும் சக ஆசிரியைகளும் தவிர யாரும் படித்ததாகச் சொன்னதில்லை. தாள் கட்டை ஒதுக்கிவைத்தேன்.

"நாப்பத்தோராம் பக்கத்துல ஏழு வளையம்னு போட்டிருக்கீங்க மிஸ். நூத்தித் தொண்ணூறுல அவன் ஆறு வளையத்தையும் சுத்தினான்னு இருக்கு. ஒண்ணு எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை. எனக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் முதன்முதலாக ஒரு வாசகி கேட்கும்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை. "போர்ல ஒண்ணு உடைஞ்சிடும்," என்றேன்.

"எந்தப் பக்கத்துல மிஸ்? நான் விட்டுட்டேனா?"

"இல்ல, அது ரெண்டாம் பாகத்துல வரும்."

ரெண்டாம் பாகம் என்று எதையும் நான் யோசித்ததுகூட இல்லை. அந்தப் பக்கம் பேனாவால் எழுதும் சத்தம் கேட்டது. "சரி மிஸ். அப்போ ஏழாவதை உடைஞ்ச மாதிரியே செஞ்சிடறேன்."

"எதை?"

"நீர்நாடியை. கிண்ணம் முடிச்சிட்டேன்."

அவள் பல் செட்டு செய்கிறவள். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் அவள் வேலை செய்த கூடம் இருந்தது. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பற்களும் ஈறுகளும் செய்து கொடுக்கும் இடம். என் வேர் சிகிச்சை முடிந்த நன்றியில் என் டாக்டருக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். அவர் அதைக் காத்திருப்போர் அறையில் பழைய வாரப் பத்திரிகைகளின் அடியில் போட்டுவிட்டார். செட்டு கொடுக்க வந்தவள் அங்கேயே உட்கார்ந்து முப்பது பக்கம் படித்து, கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேஜையெங்கும் தேடுவாள். விரல் நுனிகளில் எப்போதும் ஈறு நிறத்தில் இளஞ்சிவப்புத் தூள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பல் செட்டுத் திரவத்தின் காட்டமான வாசனை மூக்கில் ஏறும். என்னிடம் படித்தவள் அல்ல. ஆனாலும் மிஸ் என்றுதான் கூப்பிட்டாள். "அக்கான்னு கூப்பிட வாய் வரல மிஸ், எழுதறவங்கள எப்படி" என்றாள்.

அவளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதுதான். மற்றவர்கள் சொன்னதை, சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். வார்த்தைக்கும் ஆளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றாது. அப்பாவி என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கில், அளவில், வேலையில் அவளை யாரும் ஏமாற்றிவிட முடியாது. ஆனால் ஒருவர் வாய்விட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால், அது ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி அவளுக்கு.

அந்தக் கூடத்தின் முதலாளி எனக்கொரு சம்பவம் சொன்னார். ஒரு பெரியவருக்கு முழு செட்டு. டாக்டர் சீட்டில் 'பழையபடி அமைக்கவும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். எல்லா டாக்டர்களும் எழுதுகிற வழக்கமான வரி. இவள் அந்தப் பெரியவரின் வீட்டு எண்ணைக் கண்டுபிடித்து, இளவயதுப் போட்டோ ஒன்றை அனுப்பச் சொல்லி, அதில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து இருந்ததைப் பார்த்து, செட்டிலும் அதே சந்தை வைத்துவிட்டாள். டாக்டர் போனில் கத்தினார். "பல் செட்டுல யாராவது ஓட்டை வைப்பாங்களா?" இவள், "பழையபடின்னு எழுதியிருந்தீங்களே சார்" என்றாளாம். அதற்குள் பெரியவர் செட்டை மாட்டிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைக் கழற்றாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொன்று என்னிடமே நடந்தது. போனில் பேச்சு முடிக்கும்போது, எல்லோரும் சொல்வதுபோல, "ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்" என்றேன். மறுநாள் மாலை ஐந்தரைக்கு சேலையூரில் என் வீட்டு வாசலில் நின்றாள், கையில் அரை டஜன் வாழைப்பழத்தோடு. "ஒருநாள்னீங்களே மிஸ். இன்னைக்கு எனக்கு சீக்கிரம் முடிஞ்சது." என் கணவர் உள்ளே போய்ச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று அவள் போன பிறகு, ஒரு நாளில் நான் எத்தனை முறை இப்படி அர்த்தமில்லாமல் எதையாவது சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

அன்று டீ குடிக்கும்போது அவள் கேட்டாள். "வெள்ளத்துல நீங்களும் யாரையாவது பறிகொடுத்தீங்களா மிஸ்?"

அவள் முடிச்சூர்க்காரி. அங்கே வெள்ளம் என்றால் ஒரே ஒரு வெள்ளம்தான். 2015 டிசம்பரில் அடையாறு ஏறி வந்து முடிச்சூரில் முதல் மாடி வரை நின்றபோது, நான் சேலையூரில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, மின்சாரம் இல்லையே என்று அலுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் ஏறவில்லை. நாவலில் வரும் வெள்ளமெல்லாம் செய்தியில் பார்த்தது, பள்ளியில் பிள்ளைகள் சொல்லக் கேட்டது.

"எல்லாருமே எதையாவது பறிகொடுத்தவங்கதானே," என்றேன்.

அது பொய் இல்லை என்று வாதாடலாம். நானே பலமுறை எனக்குள் வாதாடியிருக்கிறேன். ஆனால் அவள் அதை ஆம் என்று எடுத்துக்கொள்வாள் என்பது அந்த வரியைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். "எழுதியிருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது மிஸ்." தன் அப்பா அந்த வெள்ளத்தில் போனார் என்று அப்போதுதான் சொன்னாள். கடைசியாக மிச்சம் வைத்திருந்த நிலத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிடப் போனவர். மூன்று நாள் கழித்துக் கிடைத்தார். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் என் வீட்டுக் கதையை அவளும் கேட்பாளே என்ற பயம்.

நீர்நாடியை முடிக்க அவளுக்கு எட்டு மாதமானது. வேலை முடிந்து எல்லோரும் போனபின் ஒரு மணி நேரம், சனிக்கிழமை மதியங்கள். பல்லுக்கு உலோக உறை செய்கிற அதே முறை. முதலில் மெழுகில் உருவத்தைச் செய்வது. அதைச் சுற்றி மாவுக் கூழை ஊற்றி இறுக விடுவது. அடுப்பில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. மூன்றாவது வளையம் மட்டும் ஐந்து முறை பிசகியது. வாரத்துக்கு ஒரு போனாவது வரும். "எழுபத்தாறாம் பக்கத்துல வளையத்து மேல மீன் செதில்னு எழுதியிருக்கீங்க. கெண்டை செதிலா, விரால் செதிலா மிஸ்? கெண்டைக்குப் பெருசா இருக்கும்." நான் ஏதாவது ஒன்றைச் சொல்வேன். விரால். அவள் மார்க்கெட்டில் விரால் வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்து செதுக்குவாள்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பல் அச்சுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த மேஜையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்திருந்தாள். நான் எழுதியது அங்கே இருந்தது. அப்படித்தான் சொல்லத் தெரிகிறது. இரண்டு வரியில் நான் வீசிவிட்டுப் போன ஒன்று, எடையோடும் ஓரங்களோடும். ஆறு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சத்தமில்லாமல் சுழன்றன. ஏழாவது பாதியில் முறிந்து நின்றது. முறிந்த முனையைத் தீயில் காட்டிக் கறுப்பாக்கியிருந்தாள். போரில் உடைந்தது அல்லவா.

முள் மெதுவாக ஆடி ஒரு பக்கம் நின்றது. "எந்தப் பக்கம் காட்டுது?" என்றேன்.

"மேஜை அந்தப் பக்கம் சாய்வு மிஸ்," என்றாள் சாதாரணமாக. "வெள்ளத்தைக் காட்டும்னு எல்லாம் நான் நினைக்கல. எழுதினபடி இருக்கணும். அவ்ளோதான்."

சேலையூர் நூலகத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் என் நாவலைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நீர்நாடியைக் கொண்டுபோய்க் காட்டவா என்று அவளிடம் கேட்டேன். ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, பஞ்சு அடைத்த டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். "ரெண்டு வாரம் வச்சிருங்க மிஸ். அப்புறம் வாங்கிக்கறேன். முடிஞ்சதுக்கப்புறம் அம்மா இன்னும் பார்க்கல."

கூட்டத்துக்கு முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். என் பேச்சை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லார் கண்ணும் அதன்மேல்தான். ஒரு வாசகி செய்தது என்று சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருந்த அவள் தலை குனிந்துகொண்டாள். கூட்டம் முடிந்ததும் அவள் முடிச்சூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அப்போது ஒருவர் என்னிடம் வந்தார். இணையத் தொடர் எடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை என்றார். "கதை நல்லா இருக்கும்போல மேடம். எங்க ஆர்ட் டைரக்டர் இதைப் பார்த்தா உடனே புடிச்சுக்குவார். ரெண்டு நாள் குடுங்க, பத்திரமா கொண்டாந்து தரேன்."

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. அவள் பஸ்ஸில்கூட ஏறியிருக்க மாட்டாள். கேட்டால் யோசிக்க ஒரு வாரம் எடுப்பாள், அதற்குள் இந்த ஆள் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். என் கதை திரையில் வருவதை அந்த நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்கிவிட்டேன். டிபன் டப்பாவோடு கொடுத்தேன்.

ரெண்டு நாள் இரண்டு வாரமானது. போன் செய்தால், "சேஃபா இருக்கு மேடம், டீம் டிஸ்கஷன் போயிட்டிருக்கு" என்பார். அவள் போன் செய்தபோது நடந்ததைச் சொன்னேன். கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் விட்டுவிட்டு. சொல்லிக்கொண்டே போகையில், "ஆபீஸ் வாசல்லயே கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுதான் போறாங்க" என்று சேர்த்தேன்.

கண்ணாடிப் பெட்டியை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் அது நன்றாக இருக்கும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். கதை எழுதும்போது செய்வதுபோல.

"கண்ணாடிப் பெட்டியா மிஸ்," என்றாள். "சரி மிஸ். இருக்கட்டும். நல்ல இடமாத்தான் இருக்கு."

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. குரலில் வெட்கம் கலந்த சிரிப்பு. "மிஸ், ஒரு பேஜார் பண்ணிட்டேன். இன்னைக்கு லீவு போட்டு அம்மாவைக் கூட்டிக்கினு வளசரவாக்கம் போனேன். நீங்க சொன்ன கம்பெனி பேரைக் கேட்டு விசாரிச்சுதான் போனோம். மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல. அம்மாவுக்கு முட்டி வலி, உக்காந்து உக்காந்து ஏறினாங்க. போனா அங்க கண்ணாடிப் பெட்டியே இல்ல. கேட்டா அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. நான் தப்பான ஆபீஸுக்குப் போயிட்டேன் போல மிஸ். சரியான அட்ரஸ் எழுதி அனுப்பறீங்களா?"

மூன்று மாடி ஏறி, தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும், பிசகு தன்னுடையது என்றுதான் நினைத்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

"அவங்க ஆபீஸை மாத்திட்டாங்க," என்றேன். "கேட்டுச் சொல்றேன்."

அன்று அந்த ஆளைப் பதினோரு முறை கூப்பிட்டேன். பன்னிரண்டாவது முறை எடுத்தார். பிளாஸ்டிக்கில் நகல் எடுப்பதற்காக அச்சு எடுத்தார்களாம். அதற்காகப் பிரித்தார்களாம். அதன்பின் அந்தத் தொடரே வேண்டாமென்று ஆகிவிட்டதாம். "பீஸெல்லாம் கோடவுன்ல எங்கியாவது இருக்கும் மேடம். இன்னா, இன்னொண்ணு பண்ணச் சொன்னா பண்ணிட மாட்டாங்களா?"

அடுத்த மூன்று வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்குப் போனேன், வந்தேன். அவள் எண்ணிலிருந்து அழைப்பு வரும்போது போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் ஒருமுறைகூட, ஏன் எடுக்கவில்லை என்று செய்தி அனுப்பவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

நான்காவது வாரம் அந்த மாடிக்குப் போனேன். ஒரு கீழ்வரிசைப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன். கேட்காமல் கொடுத்தது. கண்ணாடிப் பெட்டி இல்லாதது. அவர்கள் பிரித்துப் போட்டது. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. ரெண்டாம் பாகம் இல்லை என்பது, ஏழாவது வளையம் என் மறதி என்பது, வெள்ளத்தில் எனக்கு ஒரு செருப்புகூடப் போகவில்லை என்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் முடித்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். "முள்ளு?"

"என்ன?"

"நடுவுல இருந்த முள்ளு மிஸ். அது எங்க?"

தெரியவில்லை என்றேன்.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து என் நாவலை எடுத்தாள். அட்டை பிய்ந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். பென்சிலால் மெல்லிய கோடு. 'நீர் கொண்டுபோனவர் உடம்பில் இருந்த உலோகத்தில்தான் நாடியின் முள்ளை வார்க்க வேண்டும்; வேறெதிலும் வார்த்தால் அது திசை சொல்லாது.' ஒரு அத்தியாயத்தை முடிக்க வரி தேவைப்பட்டபோது எழுதியது. எழுதியதே எனக்கு நினைவில்லை.

"அப்பாவோட அரைஞாண்கொடி மிஸ்," என்றாள். "அத வச்சுத்தான் அவர்னு அடையாளம் சொன்னோம். மூணு நாள் தண்ணில இருந்தாரே. அம்மாதான் அதுல ரெண்டு கண்ணி வெட்டிக் குடுத்தாங்க."

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு கோடவுனுக்குப் போனேன். போரூரைத் தாண்டி, தகரக் கூரை. தெர்மோகோல் தூண்கள், பிளாஸ்டிக் கிரீடங்கள், கால் உடைந்த சிம்மாசனம். ஒரு பெயின்ட் டப்பாவுக்குள் கிண்ணம் கிடைத்தது, நான்கு வளையங்களோடு. முள் இருந்த குழி காலியாக இருந்தது. தரையை முழங்காலிட்டுத் தடவினேன். குப்பையை வாரி, செய்தித்தாளில் கொட்டிப் பிரித்தேன். ஆணிகள், ஜிகினா, சிகரெட் துண்டுகள். காவலுக்கு இருந்தவர், "இன்னாமா, தங்கமா தொலைச்சுட்ட?" என்றார். சாயங்காலம்வரை தேடினேன். அரை விரல் நீளமுள்ள ஒரு வெள்ளிக் கம்பி. கிடைக்கவில்லை.

கிண்ணத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். வாங்கி, விளக்கடியில் பிடித்து, வளையங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றினாள். "நாலு," என்றாள். துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தாள். அழவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும் என்று காத்திருந்தேன்.

"மிஸ், இதை எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க." இழுப்பறையைச் சாத்தினாள். "மிஸ் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

அன்று காலை சர்ச் ஆராதனையில் பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து நானும் சொன்னேன். எல்லோரோடும் சேர்ந்து பொதுவாகச் சொல்வது எப்போதும் சுலபம்தான். பிறகு ஸ்கூட்டரில் முடிச்சூர் போனேன். சுவரில் ஆளுயரத்துக்கு மேலே வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு அந்தத் தெருவில் ஓரிரு வீடுகளில் இன்னும் இருந்தது. அவர்கள் வீட்டில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தேன். அங்கே எனக்காகச் சமைத்து வைத்திருந்தார்கள். வஞ்சிரம் வறுவல், குழம்பு, ரசம், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த பெரிய தட்டு. அவளுடைய அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "வாம்மா டீச்சரம்மா. குந்து. வெயில்ல வந்துகினு கீற." நான் வேண்டாமென்று சொல்வதற்குள் சோறு விழுந்துவிட்டது.

அம்மா எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். "இவங்கப்பா போனதுல இருந்து இவ வாயே தொறக்கல. வேலைக்குப் போவா, வருவா, படுத்துக்குவா. உன் புக்கு வந்த பின்னாடிதான் பேச ஆரம்பிச்சா. தெனம் எனக்குப் படிச்சுக் காட்டுவா. அந்தப் படகுக்காரன் செத்தான் பாரு, நான் ரெண்டு நாள் சோறு துன்னல." குழம்பை இன்னும் ஊற்றினார். "அர்ணாக்கொடிய நான்தான் குடுத்தேன். பீரோல சும்மா கெடக்கறதுக்கு, நாலு பேர் பாக்கற எடத்துல இருந்தா அந்த மனுசனுக்கும் மரியாதைதானே. கண்ணாடிப் பொட்டில வச்சிருக்காங்களாமே. எடம் மாறிப் போயிட்டோம், பாக்கக் குடுத்து வைக்கல. எப்பம்மா கூட்டினு போவ?"

அவள் அடுக்களை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தும் பார்வை இல்லை. நான் சொல்வேன் என்று தெரிந்து நிற்கும் பார்வை.

வாயில் இருந்த சோற்றை விழுங்கினேன். "பார்க்கலாம்மா," என்றேன்.

அதற்குப்பின் அம்மா என்னென்னவோ பேசினார். நான் தலையாட்டினேன். கை கழுவினேன். வெற்றிலை வேண்டாமென்றேன். கிளம்பும்போது அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவள் என்னோடு கேட் வரை வந்தாள். ஸ்கூட்டர் சாவியைத் துளையில் பொருத்த எனக்கு நேரம் பிடித்தது.

"சொல்லலையே மிஸ்," என்றாள்.

"அவங்க முகத்தைப் பார்த்து முடியல. அடுத்த வாரம் கண்டிப்பா..."

"வேணாம் மிஸ்." அவள் குரல் உயரவில்லை. "அடுத்த வாரம்னு சொல்லாதீங்க. சொன்னா நான் பார்த்துக்கினு இருப்பேன்."

சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயை அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டேன். அவள் கேட்டைச் சாத்தி, கொக்கி சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போனாள்.